கீழ்வளைவுத் தண்ணீர்

என் அக்கா கணவர் இருபது வருடம் மெத்தை விற்றவர். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை; அது மரியாதையான தொழில். அதே வாயால் காட்டையும் விற்கத் தொடங்கியபோதுதான் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. கடையில் "படுத்துப் பாருங்க, உடம்பு அதுவாவே சொல்லும்" என்றவர், மலையடிவாரத்தில் முகாம் தொடங்கியதும் "கண்ணை மூடுங்க, காடு அதுவாவே பேசும்" என்றார். குரல்கூட மாறவில்லை.

அத்தானிடம் பதினான்கு பைகள் வைத்த சட்டை ஒன்று உண்டு. ஒரு பையில் சீப்பு, இன்னொன்றில் புதினா மிட்டாய். மீதிப் பன்னிரண்டும் காலி. தலைக்கு மேல் எது பறந்தாலும் கழுகு என்பார். பள்ளிகளிலிருந்து மூன்று நாள் சாகசத்துக்கும் இயற்கைக் கல்விக்கும் வந்து இறங்கும் பிள்ளைகள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கும். காகமும் அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போகும்.

எனக்குக் கயிற்று வேலை. பிள்ளைகளின் இடுப்புப் பட்டையை இறுக்கி, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பாறையில் ஏற்றி இறக்குவேன். கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனில் தள்ளிவிடுவேன். கூடவே ஓடைப் பாடமும் என் தலையில்தான். தண்ணீரில் வலையைப் பிடித்துக்கொண்டு கல்லைப் புரட்டினால் பூச்சிகள் வந்து விழும். அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். மூன்று வால் உள்ளது, சிறுகற்களை ஒட்டிக் கூடு கட்டி அதைச் சுமந்தபடி நடப்பது, இதெல்லாம் சுத்தமான தண்ணீரில்தான் வாழும். சிவப்புப் புழு சாக்கடையிலும் சுகமாக இருக்கும். எது எத்தனை என்று எண்ணினால் ஓடையின் உடல்நிலை தெரிந்துவிடும். மேலே ஓரிடம், நடுவே ஓரிடம், கீழே ஓரிடம் என்று மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறிப்புத்தாளை நானேதான் எழுதினேன். ஆறு வருடத்துக்கு முன், இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்த காலத்தில்.

பிறகு அத்தான் ஓடைக்கரையில் ஆறு கேபின்கள் கட்டினார். மரப்பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளேயே கழிப்பறை. அடுத்த சீசனில் கீழ்வளைவில் வலையைப் போட்டேன். சிவப்புப் புழுவைத் தவிர எதுவும் வரவில்லை. கரையோரமாகவே நடந்து போய்ப் பார்த்தேன். பெரணிச் செடிகளுக்குப் பின்னால், என் கை நுழையும் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் ஓடைக்குள் வாயை வைத்துக்கொண்டிருந்தது.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே கேட்டார்.

"உன் கிளாஸ் எதைப் பத்தி?"

"பூச்சியைப் பத்தி."

"அப்ப பூச்சி எங்க இருக்கோ அங்க கூட்டிட்டுப் போயேன். ஓடை என்ன சின்னதா?"

இதைவிடக் கேவலமான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. அதைவிடக் கேவலம், அவர் சொன்னபடியே செய்தேன். பாடத்தை மேல்வளைவுக்கு மாற்றினேன். இருபது நிமிடச் செங்குத்து ஏற்றம். "சாகசமும் ஆச்சு, படிப்பும் ஆச்சு" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கீழ்வளைவின் பெரிய மடுவில் ரப்பர்ப் படகு விடுவதை மட்டும் அத்தான் நிறுத்தவில்லை. விளம்பரத்தில் அந்தப் படம்தான் முதலில் வரும். படகு கவிழும், பிள்ளைகள் விழும், சிரிக்கும், தண்ணீரைக் குடிக்கும். கரைக்கு வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்தால்தான் சாப்பாடு என்று ஒரு சட்டம் போட்டேன். ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறேனாம். ஆசிரியர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா சமையலறையில் கிடந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்து, அவள் மேலும் எனக்கு இளக்காரம். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

அந்த முறை வந்தது ஒன்பதாம் வகுப்பு. முப்பத்திரண்டு பேர், கூட ஒரு ஆசிரியர். பேருந்திலிருந்து கழுத்துத் தலையணையோடு இறங்கினார். மூன்று நாளும் அதைக் கழற்றவில்லை. பிள்ளைகள் அவரைக் கேட்டால் என்னைக் கேட்கச் சொல்வார். நான் அவரைக் கேட்டால், "பஸ் ரெண்டு மணிக்கு கிளம்பணும்" என்பார், முதல் நாளிலிருந்தே.

கடைசியாக இறங்கிய பெண்ணின் கையில் ஒரு உறை இருந்தது. அவள் அம்மா எழுதிய கடிதம். என் மகள் உயரமான இடத்தில் ஏறக்கூடாது, ஓடக்கூடாது, ஈரப் புல்லில் உட்காரக்கூடாது, செங்குத்தான பாதையில் போகக்கூடாது. இரண்டு பக்கம். படித்துவிட்டு, "அப்ப எதுக்கும்மா இங்க வந்தே?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டாங்க," என்றாள்.

நான் மனதுக்குள் அவளுக்குக் 'கடிதம்' என்றே பெயர் வைத்துவிட்டேன். மற்றவர்கள் பாறையில் தொங்கியபோது அவள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அழவில்லை, ஏங்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பயந்தாங்கொள்ளி என்றால் பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்க வேண்டாமா?

இரண்டாம் நாள் காலையில் படகு. அவளைத் தவிர எல்லோரும் மடுவில் விழுந்து எழுந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஓடைப் பாடம். மேல்வளைவுப் பாதை செங்குத்து. ஆகவே அவள் வர முடியாது. ஒரு வலையையும் தட்டையும் பழைய குறிப்புத்தாள் ஒன்றையும் அவள் கையில் திணித்தேன்.

"இங்கயே கரையோரமா ஏதாவது பண்ணிட்டிரு. சமையலறையில அக்கா இருக்காங்க, எது வேணும்னாலும் கேளு."

"எங்க எடுக்கணும்?"

"தாள்ல இருக்கு, படி," என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். தாளில் என்ன இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நானே மறந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது முழங்கால்வரை நனைந்து, சாக்ஸைப் பிழிந்து படிக்கட்டில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்.

"கேபினுக்கு மேல, பாலத்துக்கிட்ட எடுத்ததுல ஏழு வகை. கேபினுக்குக் கீழ ரெண்டு வகை. கீழ்வளைவுல ஒண்ணுதான், சிவப்புப் புழு, நாற்பத்தாறு. மூணு இடத்துலயும் மூணு மூணு தடவை எடுத்தேன்."

"நல்லா இருக்கே. வச்சுக்கோ," என்றேன்.

"ஒரு குழாய் இருக்கு, மிஸ். பெரணிக்குப் பின்னாடி."

"அது மழைத்தண்ணி போற குழாய்."

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. "இப்ப மழை இல்லையே. ஆனா தண்ணி வருது," என்றாள்.

"எங்கயோ தேங்கினது வடியும்," என்று சொல்லிவிட்டு, கயிறுகளைச் சுருட்டப் போகிறவள்போல் நகர்ந்தேன். ஏற்கனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்டினேன். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கண் கூசாமல் பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அத்தானுக்காவது இருபது வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் நிறைவு விழா, சாப்பாட்டுக் கூடத்தில். அன்றைக்கு அத்தான் காலையிலிருந்தே தரையில் கால் படாமல் நடந்தார். சிறந்த இயற்கைக் கல்வி மையத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து இரண்டு பேர் முந்தின நாள் மாலையே வந்து கேபின்களில் தங்கியிருந்தார்கள். ஒருவர் தொப்பிக்காரர், கூடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. இன்னொரு அம்மா எதையும் கண்ணால் பார்க்காமல் கேமராவால் மட்டும் பார்த்தார்.

குழுக் குழுவாகப் பிள்ளைகள் வந்து அட்டையில் ஒட்டிய படங்களைக் காட்டினார்கள். மரம் நம் நண்பன். நீர் நம் உயிர். அத்தான் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கை வைத்து உருகினார். எல்லாம் முடிந்ததும், தொப்பிக்காரர் காதில் விழும்படி, "வேற யாராவது காட்டோட பேசினவங்க இருக்கீங்களா? கூச்சப்படாதீங்க, கண்ணுங்களா!" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

அவள் தட்டோடு வந்தாள். காலையிலேயே போய்ப் புதிதாக எடுத்திருக்கிறாள். தட்டில் சிவப்பாக நெளிந்தது. நோட்டைத் திறந்து, ஏற்ற இறக்கமே இல்லாமல், மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல் படித்தாள். எந்த இடம், எத்தனை வகை, எத்தனை எண்ணம். கடைசியாக, "கேபினை ஒட்டியே ஒரு குழாய் ஓடையில விடுது. அதுக்கு மேல தண்ணி நல்லாருக்கு. கீழ நல்லா இல்லை," என்று சொல்லி நோட்டை மூடினாள்.

அத்தானை ஓரக்கண்ணால் பார்த்தேன். திணறுவார், வேர்ப்பார் என்று காத்திருந்தேன். அந்த ஆள் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தட்டத் தொடங்கினார்.

"சபாஷ்! மூணு நாளா இதுக்குத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு முகாமிலயும் நாங்க ஒரு ரகசியச் சவால் வைப்போம். ஓடையில ஒரு பிரச்சினையை ஒளிச்சு வச்சிருவோம். யார் கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்ப்போம். இந்த வருஷம் ஒரு சிங்கக்குட்டி கண்டுபிடிச்சிருச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். தொப்பிக்காரர் தலையை ஆட்டி எதையோ எழுதினார். கேமரா அம்மா குனிந்து புழுக்களைப் படமெடுத்தார். கழுத்துத் தலையணை ஆசிரியர்கூடக் கண்விழித்துத் தட்டினார்.

அந்தப் பெண் மட்டும் நகரவில்லை.

"அப்ப அது நெஜக் குழாய் இல்லையா?" என்று அத்தானைக் கேட்டாள்.

"நெஜம் மாதிரியே பண்ணது, கண்ணு."

"அப்ப கேபின் கக்கூஸ்ல போறதெல்லாம் நெஜமா எங்க போகுது?"

பையன்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். ஆனால் அவர் கண் என்னைத் தேடியது. "நல்ல கேள்வி! அதை நம்ம பயிற்சியாளரே சொல்லுவாங்க. என் மச்சினிதான். இவங்களுக்கு இந்த ஓடையோட ஒவ்வொரு கல்லும் தெரியும்," என்றார்.

என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு வருடம் நான் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை அது. அதை நினைத்ததும் எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பெல்லாம் திரும்பி என் முகத்திலேயே வந்து விழுந்தது.

எழுந்தேன். "அது சவால் இல்லை," என்றேன். "நெஜக் குழாய்தான். கேபின் கழிவு நேரா ஓடைக்குத்தான் போகுது. எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். அதை யாரும் பார்க்கக்கூடாதுன்னுதான் உங்களை மேல்வளைவுக்கு ஏத்திட்டுப் போனேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் மெதுவாக எழுந்தான். படகிலிருந்து நாலு முறை விழுந்தவன்.

"மிஸ், நேத்து நாங்க விழுந்தது..."

"அதுலதான்."

"நான் குடிச்சேன்!" என்று அலறினான்.

அவ்வளவுதான். கூடம் இரண்டுபட்டது. துப்பினார்கள், ஓங்கரித்தார்கள், ஒருவன் சட்டையால் நாக்கைத் துடைத்தான். நிஜமாகவே வாந்தி எடுத்தது ஒரே ஒருத்திதான். அதுவும் 'நீர் நம் உயிர்' அட்டைமேல். தொப்பிக்காரர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பஸ் ரெண்டு மணிக்கு!" என்று ஆசிரியர் கத்தினார். அத்தான் கைகளை உயர்த்தி, "இதுவும் ஒரு அனுபவம், இதுவும் ஒரு அனுபவம்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருந்த களேபரத்தில் நான் பெட்டிகளைப் பேருந்தில் ஏற்ற உதவினேன். பிள்ளைகள் என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். முந்தின நாள்வரை கயிற்றில் தொங்கியபோது உயிரையே என் கையில் கொடுத்தவர்கள். அந்தப் பெண் கடைசியாக வந்தாள்.

"மழைத்தண்ணின்னு சொன்னீங்க," என்றாள்.

"ஆமா. பொய் சொன்னேன்."

"தெரியும். அதையும் எழுதிட்டேன்." நோட்டைத் தட்டிக் காட்டினாள். ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏன் கையை ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பேருந்து போனதும் அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்த வீட்டுக்கே குழி பறிச்சிட்டியே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அடுத்த சீசன்ல செப்டிக் டேங்க் கட்டிக்கலாம்னுதானே இருந்தேன்?"

"எந்த அடுத்த சீசன்?"

"அடுத்ததுன்னா அடுத்தது!"

நான் கருவி அறைக்குப் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கேபின்களுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினேன். கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தண்ணீர் போகாவிட்டால் கழிவும் வராது. இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு வருடமாகவும் அந்த ஸ்பேனர் அதே ஆணியில்தான் தொங்கியது.

தேர்வுக் குழுவினர் இன்னும் ஒரு நாள் தங்குவதாக ஏற்பாடு. அரைமணி நேரத்தில் தொப்பிக்காரர் தொப்பியில்லாமல் கேபின் வாசலில் நின்று கத்தினார். அத்தான் இரண்டு வாளிகளோடு கீழே ஓடி மேலே ஓடி வந்தார். பதினான்கு பைகளும் நனைந்தன. நான் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவளாக இருந்திருந்தால் உதவியிருப்பேன்.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

"எத்தனை வருஷமா தெரியும்னு சொன்னே?"

"ரெண்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா."

"அந்தக் குழாய் போடறப்ப நான் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். செப்டிக் டேங்க் கட்டியாச்சுன்னு உங்க அத்தான் சொன்னாரு. நான் நம்பினேன்." "நான் பேசாம இருந்தா எல்லாத்துக்கும் ஒத்துக்கறேன்னு அர்த்தமாடி? அடுப்படியில வேலை இருக்குன்னு அர்த்தம்."

அவளை நான் அற்பமாக நினைத்த நாட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அத்தனை நாளும் அவள் சமைத்ததைத் தின்றேன்.

வாளியோடு வந்த அத்தானை அக்கா நிறுத்தினாள். "டேங்க் கட்டறவரை கேபின் மூடியிருக்கட்டும். படகும் வேண்டாம்," என்றாள்.

"சீசன் நேரத்துலயா? நீ புரியாம பேசறே."

"அப்ப நானும் சமையலறையைப் பூட்டிடறேன். காடு பேசறதைக் கேட்டுக்கிட்டே எல்லாரும் பட்டினி கெடக்கட்டும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பேரத்தில் தோற்றதை நான் பார்த்தது அப்போதுதான்.

ஆள் பிடித்ததும் இடம் காட்டியதும் அக்காதான். கேபின்களுக்குப் பின்னால், ஓடையைவிட்டுத் தள்ளி, பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார அத்தான் ஆசையாகக் கட்டியிருந்த மௌன மேடையைச் சுட்டிக்காட்டி, "இங்க தோண்டுங்க" என்றாள். பதினொரு நாளில் தொட்டி முடிந்தது. பழைய குழாயை நானும் பிளம்பரும் சேர்ந்து பிடுங்கினோம். நாற்றம் மூன்று நாள் என் கையைவிட்டுப் போகவில்லை.

அத்தான் அழிந்துபோனார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. அந்தப் பள்ளி மறுபடி வரவில்லை. மற்றப் பள்ளிகள் வந்தன. மூன்று மாதம் கழித்துத் தேர்வுக் குழுவிடமிருந்து ஒரு உறை வந்தது. முதல் பரிசு வேறு யாருக்கோ. எங்களுக்கு 'வெளிப்படைத்தன்மைக்கான சிறப்புச் சான்றிதழ்'. அத்தான் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தொட்டிக்கு மேல் 'கழிவுநீர் விழிப்புணர்வு மையம்' என்று பலகை வைத்து, அதன்மேல் ஏறி நின்று, "இயற்கைகிட்ட நாங்க மன்னிப்பு கேட்ட இடம் இது" என்று பேசுகிறார். சில ஆசிரியைகள் கண் கலங்குகிறார்கள். தொட்டிக்காக ஒரு செங்கலைக்கூடத் தொட்டுப் பார்க்காத ஆள்!

நான் இங்கேயேதான் இருக்கிறேன். ரோஷத்தோடு வெளியேறியதாகச் சொல்ல ஆசைதான், ஆனால் வெளியேறவில்லை. ஐந்தாம் மாதம் கீழ்வளைவில் வலை போட்டபோது மூன்று வகை கிடைத்தது. கணக்கை ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணின் பெயருக்குப் பள்ளி முகவரியில் அனுப்பினேன். பதில் இல்லை. அவள் எழுதாமல் இருந்ததே சரி என்று எனக்குப் படுகிறது.

இப்போது ஓடைப் பாடத்தை மூன்று இடத்திலும் நடத்துகிறேன். கீழ்வளைவுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்கிறார்கள், "இங்க மட்டும் ஏன் மிஸ் இவ்வளவு கம்மி?" சொல்கிறேன். குழாயைப் பற்றி, படகைப் பற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னது எதற்கு என்பதைப் பற்றி. ஒவ்வொரு குழுவிலும் சிலர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். போன வாரம் ஒருவன், "அப்புறமும் உங்களுக்கு வேலை தராங்களா?" என்று கேட்டான்.

"தராங்க," என்றேன். "வலையைப் பிடி."